கூட்டத்தின் விடை, ஒருவரின் கேள்வி

தமிழில் "பிறகு" என்பதும் "ஆல்" என்பதும் பேச்சில் மிக எளிதாக இடம் மாறிக்கொள்ளும். "ஊசி போட்ட பிறகு கால் விழுந்துவிட்டது" என்று ஒருவர் சொல்வார். அதைக் கேட்டவர் அடுத்தவரிடம் "ஊசி போட்டதால் கால் விழுந்துவிட்டது" என்பார். மூன்றாவது ஆளிடம் போய்ச் சேரும்போது "அந்த ஊசி காலை எடுத்துவிடும்" என்று ஆகியிருக்கும். முதலாவது ஒரு நிகழ்ச்சி, இரண்டாவது ஒரு தீர்ப்பு, மூன்றாவது ஓர் எச்சரிக்கை. இந்த மூன்று படிகளையும் நாம் பெரும்பாலும் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறோம்.

தடுப்பூசி போட்டுக்கொண்ட வளர்ந்த ஒரு மனிதருக்குச் சில வாரங்களில் நரம்பு நோய் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது மருத்துவக் கேள்வி. அதை யார் விசாரிக்க வேண்டும், எவ்வளவு தூரம் விசாரிக்க வேண்டும், விசாரித்தும் அவருக்கென்று ஒரு விடை கிடைக்காவிட்டால் அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பவை அறம் சார்ந்த கேள்விகள். முதற்கேள்வியைச் சுற்றி இரைச்சல் அதிகம். மற்றவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன.

நான் மருத்துவன் அல்லன். கணினித் துறையில் ஆலோசகன். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் நடு இரவில் நின்றுபோனால், ஏன் நின்றது என்று தேடிக் கண்டுபிடிப்பது என் வேலையில் பாதி. அதனால்தான் ஸ்கார்பரோவில் நாங்கள் எல்லோரும் அண்ணை என்று அழைக்கும் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தார். ஐம்பதைக் கடந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஓர் இலையுதிர்காலத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார். மூன்றாவது வாரம் பாதங்களில் மதமதப்பு தொடங்கியது. நான்கு நாளில் படி ஏற முடியவில்லை. ஒரு வாரத்தில் மருத்துவமனையில் இருந்தார். கில்லன்-பாரே நோய் என்றார்கள். இடையில் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நாள் வயிற்றோட்டமும் இருந்திருக்கிறது. அதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதக்கணக்கில் படுத்து, மெதுவாக நடக்கத் தொடங்கியபின் அவர் கேட்டார்: "தம்பி, நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள்தானே. மனசில ஒண்டும் வைக்காமல் சொல்லுங்கோ. இது ஊசியாலதான் வந்ததோ?" அதற்கு முன் அவருக்கு இரண்டு விடைகள் கிடைத்திருந்தன. அவரைப் பார்த்த மருத்துவர் ஒருவர் இரண்டு நிமிடத்தில் "சம்பந்தமில்லை" என்று முடித்திருந்தார். உறவினர்களின் வாட்ஸ்அப் குழு, அதே இரண்டு நிமிடத்தில், "ஊசியேதான்" என்று முடித்திருந்தது. எதிரெதிரான விடைகள். ஆனால் இரண்டுமே அவருடைய கேள்வியை விசாரிக்காமல் மூடியவை.

விசாரணை எங்கே தொடங்க வேண்டும்? நோயிலிருந்து. கில்லன்-பாரே என்பது உடலின் காவல் படை தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கும் நிலை. முதல் உலகப் போரின் நடுவில், 1916இல், ஜ்யோர்ஜ் கில்லன், ழான் அலெக்சாந்தர் பாரே, ஆந்த்ரே ஸ்ட்ரோல் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு படைவீரர்களிடம் கண்டதை எழுதியதால் இந்தப் பெயர். ஸ்ட்ரோலின் பெயர் எப்படியோ விடுபட்டுப் போயிற்று. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஏதாவது ஒரு தொற்றுக்குப் பிறகு வருகிறது. அவற்றுள் முதலிடம் கேம்பிலோபாக்டர் என்ற குடல் கிருமிக்கு. சரியாக வேகாத கோழியிறைச்சியிலும் அசுத்தமான நீரிலும் இருப்பது. அந்தக் கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு மூலக்கூறு, நம் நரம்பின் மேலுறையில் உள்ள ஒன்றை ஒத்திருக்கிறது. எதிரியின் சீருடையை அடையாளம் வைத்துச் சுடக் கற்ற காவலர்கள், அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரரையும் சுடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் புனேயில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயால் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். அங்கே சந்தேகம் விழுந்தது குடிநீர்மேல்.

ஆக, ஊசியே இல்லாத உலகத்திலும் இந்த நோய் உண்டு. இது எல்லாக் கணக்குக்கும் அடித்தளம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் பற்றி நம் பழமொழி சொல்கிறது. வடமொழித் தர்க்கக்காரர்கள் இதைக் காகதாலீய நியாயம் என்பார்கள். பழமொழி காக்கையை விடுவித்துவிடுகிறது. விழ இருந்த பழம் விழுந்தது என்கிறது. நம் காலத்தில் இந்தப் பழமொழியின் மிகத் துயரமான உதாரணம் நடிகர் விவேக்கின் மரணம். 2021 ஏப்ரல் 15 அன்று, மக்கள் தயங்கக் கூடாது என்பதற்காகவே, சென்னை அரசு மருத்துவமனையில் எல்லோரும் பார்க்கக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள்; அத்தகைய அடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை. பாதகங்களை ஆராயும் தேசியக் குழு, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. வதந்தி ஒரே நாளில் டொராண்டோவும் லண்டனும் சிங்கப்பூரும் வந்து சேர்ந்தது. விசாரணையின் முடிவு வந்து சேர ஆறு மாதம். வந்த செய்தியையும் எத்தனை பேர் படித்தார்கள்?

ஆனால் பழமொழியை வைத்துக்கொண்டு மட்டும் ஒரு விசாரணையை முடித்துவிட முடியாது. காக்கை உட்கார்ந்து பழம் விழுவதும் உண்டு. கனமான காக்கை, காம்பு கனிந்த பழம். எப்போது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு மரத்தடியில் நின்றால் ஒருபோதும் தெரியாது. ஆயிரம் மரங்களை எண்ண வேண்டும்: காக்கை உட்கார்ந்தவை எத்தனை, உட்காராதவை எத்தனை, ஒவ்வொன்றிலும் விழுந்தவை எத்தனை.

அப்படி எண்ணிய கதை ஒன்று உண்டு. 1976 தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் படை முகாமில் ஒரு புதுவகைப் பன்றிக் காய்ச்சல் பரவி, ஓர் இளம் வீரர் இறந்தார். 1918இன் கொள்ளைநோய் திரும்பி வருகிறதோ என்ற அச்சத்தில், ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் மார்ச் 24 அன்று நாடு முழுவதற்கும் தடுப்பூசி என்று அறிவித்தார். காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பேற்க மறுத்தன. ஆகஸ்டில் அரசே பொறுப்பை ஏற்றுச் சட்டம் கொண்டுவந்தது. அக்டோபர் 1 அன்று ஊசி தொடங்கியது. பத்தே வாரத்தில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் போட்டுக்கொண்டார்கள். நவம்பரில் மினசோட்டாவிலிருந்து முதல் தகவல் வந்தது: ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கில்லன்-பாரே.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர் அல்லது இருவர் என்றால், 4.5 கோடிப் பேரில் ஆண்டுக்கு 450 முதல் 900 பேருக்கு இந்த நோய் வரும். ஆறு வாரத்துக்குப் பிரித்தால் 50 முதல் 100 பேர். அதாவது அந்த ஊசியில் வெறும் தண்ணீரை ஏற்றியிருந்தாலும், போட்டுக்கொண்டவர்களில் 50 பேராவது ஆறு வாரத்துக்குள் கால் விழுந்து படுத்திருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் "ஊசி போட்ட பிறகுதான்" என்ற பேச்சு எழுந்திருக்கும். அந்தப் பேச்சில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் ஊசிமேல் குற்றம் இருந்திருக்காது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆட்கள் தேடிப்போய் எண்ணினார்கள். போட்டுக்கொண்டவர்களை மட்டும் எண்ணாமல், போட்டுக்கொள்ளாதவர்களிடமும் தேடினார்கள். 1976 அக்டோபர் முதல் 1977 ஜனவரி முடிய நாடு முழுவதும் 1,098 நோயாளிகள். அவர்களில் 532 பேர் நோய்க்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்கள். நோய் தொடங்கிய நாட்களை வரிசைப்படுத்தியபோது, ஊசிக்குப் பிந்தைய சில வாரங்களில் எண்ணிக்கை மலைபோல் எழுந்து, பிறகு சரிந்தது. தற்செயல் என்றால் அது சமவெளியாக இருந்திருக்க வேண்டும். போட்டுக்கொண்ட லட்சம் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் கூடுதலாக நோயுற்றார் என்ற முடிவுக்கு வந்தார்கள். டிசம்பர் 16 அன்றே திட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. அஞ்சிய கொள்ளைநோய் வரவேயில்லை. பிற்பாடு பலர் அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். 2003இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் எல்லாச் சான்றுகளையும் எடைபோட்டு, அந்த 1976 ஊசிக்கும் பெரியவர்களுக்கு வந்த அந்த நோய்க்கும் காரணத் தொடர்பு உண்டு என்பதையே சான்றுகள் ஆதரிக்கின்றன என்றது.

தடுப்பூசியை நம்புகிறவர்களில் பலர் இந்தக் கதையைச் சொல்லத் தயங்குகிறார்கள். எனக்கு இது நம்பிக்கை தரும் கதை. ஊசியைக் கொண்டுவந்த அமைப்பே அதன் தீங்கையும் தேடி, எண்ணி, பெயரிட்டு அறிவித்தது.

எண்ணும் வேலை அதோடு முடியவில்லை. நான் வாழும் ஒன்டாரியோ மாகாணத்திலேயே 1993 முதல் 2011 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013இல் வெளியானது. அதன் வழிமுறை எனக்குப் பிடித்தது. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. ஒரே மனிதரின் ஊசிக்குப் பிந்தைய ஆறு வாரத்தை அவருடைய மற்ற வாரங்களோடு ஒப்பிட்டார்கள். ஃப்ளூ ஊசிக்குப் பின் கில்லன்-பாரே வரும் வாய்ப்பு சற்றே கூடியது: பத்து லட்சம் ஊசிக்கு ஏறத்தாழ ஒருவர். ஆனால் ஃப்ளூ காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போனவர்களிடம் அதே கணக்கைப் போட்டபோது, பத்து லட்சத்துக்குப் பதினேழு பேர். காவலர்களைக் குழப்புவதில் ஊசியைவிடக் காய்ச்சலே கைதேர்ந்தது.

இதையெல்லாம் அண்ணையிடம் நான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப, எனக்கு வந்தது எதால?" என்றார்.

அங்கேதான் எல்லாக் கணக்கும் நின்றுவிடுகிறது. 1976இன் 532 பேரையே எடுத்துக்கொள்வோம். சுமாராகப் பார்த்தால், அவர்களில் நூறு பேருக்கு ஊசி இல்லாமலும் நோய் வந்திருக்கும். மீதி நானூற்றுச் சொச்சம் பேருக்கு ஊசியால் வந்தது. இவ்வளவு துல்லியமாகக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல முடிகிற நமக்கு, அந்த நூறு பேர் யார், நானூறு பேர் யார் என்று சொல்ல வழியில்லை. அவர்களின் நரம்பில் முத்திரை ஏதும் குத்தப்பட்டிருக்கவில்லை. அண்ணைக்கு ஊசியாலா, கல்யாண வீட்டுக் கோழியாலா, இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றாலா? எது அதிக வாய்ப்புள்ளது என்று சொல்லலாம். வயிற்றோட்டத்தின் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறது என்றேன். அதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும் அது நான் இட்டுக்கட்டியதாக இருக்கும். புள்ளியியலின் விடை கூட்டத்துக்கு உரியது. வலி ஒருவருடையது. அவர் கேட்கும் கேள்வி, கூட்டத்தின் விடைக்குள் அடங்குவதில்லை.

இப்படி ஒரு இடைவெளி இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே கடினமாக இருக்கிறது. ஒப்புக்கொண்டால் ஊசிக்கு எதிரானவர்கள் கையில் ஆயுதம் கொடுத்ததாகும் என்ற பயம். "சம்பந்தமில்லை" என்று இரண்டு நிமிடத்தில் முடித்த மருத்துவர் கெட்டவர் அல்லர். அந்தப் பயம் அவருக்கும் இருந்திருக்கும். அந்தப் பயத்துக்கு என்னிடம் உள்ள பதில் நீலகிரியில் இருக்கிறது.

குன்னூரில் 1907 முதல் ஒரு பாஸ்டர் நிறுவனம் இயங்கிவருகிறது. வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று சிறுவயதில் நம்மை மிரட்டினார்களே, அந்த ஊசியைத் தயாரித்த இடங்களில் ஒன்று. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து அது. கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து, ஃபீனால் சேர்த்துக் கொன்று, அந்த மூளைக் கரைசலையே ஊசியாகப் போட்டார்கள். வெறிநோய் வந்துவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி. எனவே அந்த ஊசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே ஊசி சிலருக்குப் பக்கவாதத்தையும் மூளை அழற்சியையும் தந்தது. சில நூறு பேருக்கு ஒருவர் என்றும் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றும் இடத்துக்கு இடம் கணக்கு மாறியது. 1976இன் லட்சத்தில் ஒன்றோடு ஒப்பிட்டால் இது பயங்கரமான எண்.

இதை மறைத்திருக்கலாம். "வெறிநோய்க்கு இது எவ்வளவோ மேல், வாயைத் திறக்காதே" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் இருந்தார்கள். நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ், இந்தப் பக்கவாதத்தின் காரணம் ஊசியில் உள்ள கிருமியா, மூளைத் திசுவா என்று தெரிந்துகொள்ள விரும்பினார். கிருமியே இல்லாத முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். 1933இல் அவரும் கூட்டாளிகளும் எழுதியது: கிருமி இல்லாமலேயே குரங்குகளுக்கு மூளை அழற்சி வந்தது. குற்றவாளி மூளைத் திசு. நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையில் உள்ள புரதங்களுக்கு எதிராக உடல் கிளம்பிவிடுகிறது.

அந்த ஒரு விசாரணையிலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று, மயலின் குறைந்த ஊசிகளையும், பிறகு மூளைத் திசுவே இல்லாமல் உயிரணு வளர்ப்பில் தயாரான ஊசிகளையும் நோக்கிப் போனது. இன்று நாய் கடித்தால் கையில் நாலைந்து ஊசியோடு வீட்டுக்கு வருகிறோம் என்றால் அந்தப் பாதையால்தான். இரண்டாவது யாரும் எதிர்பாராதது. ரிவர்ஸின் குரங்குகள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயை ஆராய்வதற்கான விலங்கு மாதிரியாயின. அந்த மாதிரியில் வேலை செய்த இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த கிளாட்டிராமர் என்ற மருந்து, 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று இன்றும் நோயாளிகளுக்குத் தரப்படுகிறது. தடுப்பூசியின் தீங்கைக் கேட்கத் துணிந்ததால் நல்ல தடுப்பூசியும் கிடைத்தது, வேறொரு நோய்க்கு மருந்தும் கிடைத்தது.

ஆனால் இந்தக் கதைக்கு ஒரு கறையும் உண்டு. உயிரணு ஊசி 1970களின் பிற்பகுதியிலேயே மேற்கு நாடுகளில் வந்துவிட்டது. மூளைத் திசு ஊசியைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே பரிந்துரைத்தது. இந்தியா அதைத் தயாரிப்பதை நிறுத்தியது 2004 முடிவில். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பணம் உள்ளவர்கள் புது ஊசியைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்; அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டு மூளை. கேள்விக்கு விடை தெரிந்த பிறகும் அந்த விடை ஏழைகளைச் சென்றுசேர ஒரு தலைமுறை ஆயிற்று. அறியாமல் விளைந்த தீங்குக்கும், அறிந்தபின் தொடர்ந்த தீங்குக்கும் உள்ள வேறுபாட்டை நான் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்த்ததில்லை.

எல்லா விசாரணையும் "ஆம்" என்று முடிவதில்லை. பிரான்ஸில் 1994இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளோடு பெரியவர்களும் பெருந்திரளாகப் போட்டுக்கொண்டார்கள். சிலருக்குப் பின்னர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. அந்த நோய் இயல்பாகவே இளம் வயதினரைத்தான் தாக்கும் என்பதால், இவ்வளவு பெரிய கூட்டத்தில் சிலருக்கு வருவது எதிர்பார்க்க வேண்டியதே. 1998 அக்டோபரில் அரசு பள்ளிகளில் ஊசியை நிறுத்தியது. 2001இல் வெளியான இரண்டு ஆய்வுகள் தொடர்பைக் காணவில்லை. 2004இல் பிரிட்டிஷ் பதிவேடுகளில் நடந்த ஓர் ஆய்வு மூன்று மடங்கு அபாயம் என்றது. அதில் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. மொத்தச் சான்றும் தொடர்பில்லை என்ற பக்கமே நின்றது. 2022இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் என்ற மிகச் சாதாரணமான வைரஸ் தொற்றுக்குப் பின் அந்த நோயின் அபாயம் 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. இத்தனை ஆண்டுகள் ஊசியைச் சுட்டிய விரல்களுக்குக் கீழே காரணம் வேறெங்கோ உட்கார்ந்திருந்திருக்கலாம்.

இதற்கிடையில் ஒரு குடும்பம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அந்தக் குடும்பத்தவர் 1998–99இல் ஊசி போட்டுக்கொண்டு, 2000இல் நோய் உறுதியாகி, 2011இல் இறந்தவர். 2017 ஜூன் 21 அன்று வந்த தீர்ப்பு: அறிவியலில் ஒருமித்த முடிவு இல்லாதபோதும், முன்பு நல்ல உடல்நலம், குடும்பத்தில் நோய் இல்லாமை, ஊசிக்கும் நோய்க்கும் இடையே குறைந்த காலம் போன்ற திடமான, ஒன்றுக்கொன்று பொருந்தும் சான்றுகளை ஒரு நீதிபதி கணக்கில் எடுக்கலாம், ஆனால் இவை இருந்தால் தானாகவே காரணம் நிரூபணமானதாகக் கொள்ளும் விதியை வைக்கக் கூடாது. விஞ்ஞானிகள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்பு உறுத்துகிறது. "குறைந்த காலம்" என்பது மறுபடி காக்கையும் பனம்பழமும்தானே? ஆனால் நீதிமன்றம் இந்த நெருக்கடிக்கு வந்தது ஏன் என்று யோசித்தேன். நோயாளிக்கு உதவி கிடைக்க வேண்டும் என்றால் யாரோ ஒருவரைக் குற்றவாளி ஆக்கியே தீர வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. உதவியைக் காரணத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டால், உதவி வேண்டுபவர் காரணத்தை வளைத்தே ஆக வேண்டும். உதவி கொடுக்க வேண்டியவர் மறுத்தே ஆக வேண்டும். உண்மை இரண்டு பக்கமும் அடிபடுகிறது.

அந்த முடிச்சை அவிழ்க்க முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1978இல் அமெரிக்க அரசு, பன்றிக் காய்ச்சல் ஊசிக்குப் பின் கில்லன்-பாரே வந்தவர்கள் யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று அறிவித்தது. பிரிட்டனில் 1979 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. 60 விழுக்காடு ஊனம் என்ற உயரமான வாசற்படியைத் தாண்டினால்தான் 1,20,000 பவுண்டு. 59 விழுக்காட்டுக்காரர் வெளியே நிற்கிறார். கனடாவில் கியூபெக் மட்டும் 1980களிலிருந்து இழப்பீடு தந்துவந்தது. நாடு முழுவதற்குமான திட்டம் 2021 ஜூனில்தான் வந்தது. இந்தியாவில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியெல் வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது என்றதோடு, பாதகங்களைத் தனிமனிதர்களும் மருத்துவர்களும் பதிவு செய்து, எவரும் பார்க்கும்படி வைக்க ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது பகுதியைப் பற்றி நம் ஆட்கள் பேசி நான் கேட்டதில்லை.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. சேவை நின்றுபோனால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி: "நேற்று என்ன மாற்றினீர்கள்?" நல்ல கேள்வி, பல நேரம் சரியான இடத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் அது கேள்விதான், விடை ஆகாது. நேற்று மாற்றியதற்கும் இன்று நின்றதற்கும் தொடர்பே இல்லாத எத்தனையோ இரவுகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. "பிழை எதுவும் பதிவாகவில்லை" என்று ஒருவர் சொன்னால், "பதிவு எடுக்கப்பட்டதா?" என்று கேட்க வேண்டும். தேடிப் பார்த்துக் கிடைக்காததும், தேடாததால் கிடைக்காததும் ஒரே சொற்றொடரில் ஒளிந்துகொள்ளும். "சம்பந்தமில்லை" என்று ஒருவர் நம்மிடம் சொல்லும்போது, எதை எண்ணிச் சொல்கிறார் என்று கேட்பது ஊசிக்கு எதிரான செயல் அன்று. அதேபோல் "ஊசியேதான்" என்று சொல்பவரிடம், போட்டுக்கொள்ளாதவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்பது நோயாளிக்கு எதிரான செயலும் அன்று.

நோயுற்றவருக்குத் தன் அனுபவத்தைச் சொல்லவும், அது எண்ணப்படவும் உரிமை உண்டு. தான் விரும்பும் காரணமே உண்மையாக வேண்டும் என்ற உரிமை அவருக்கில்லை, யாருக்குமே இல்லை. மற்றவர்களான நமக்குக் கடமை உண்டு. ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்பவர் தனக்காக மட்டும் போட்டுக்கொள்வதில்லை. வீட்டிலுள்ள கிழவிக்காகவும், பேருந்தில் பக்கத்தில் உட்காரும் கர்ப்பிணிக்காகவும் போட்டுக்கொள்கிறார். பத்து லட்சம் பேர் பெற்ற பலனின் விலையை, பெயர் தெரியாத ஒருவர் தன் கால்களால் கட்டுகிறார். அவர் இன்னார் என்று நம்மால் அடையாளம் காட்ட முடியவில்லை என்பதற்காக, விலையே இல்லை என்று சொல்லலாகாது. சந்தேகத்துக்குரிய எல்லோரையும் தாங்கினால், ஊசியால் விழாத சிலரையும் சேர்த்துத் தாங்க நேரும். அதனால் நமக்கு என்ன குறைந்துவிடும்? அவர்களும் நோயாளிகள்தானே?

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஒருவர் கால் சக்கரத்தில் அகப்பட்டால், "நீயாகத்தானே வந்து வடம் பிடித்தாய்" என்று சொல்லிவிட்டு ஊர் நகர்ந்துவிடாது. இனித் தேரே ஓடக் கூடாது என்றும் முடிவு செய்யாது. தேரை நிறுத்துவார்கள். முட்டுக்கட்டை போட்டவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அச்சைக் குனிந்து பார்ப்பார்கள். விழுந்தவரை நாலு பேர் தூக்கிப் போவார்கள். அவர் வீட்டுக்கு அரிசி போகும். அதன்பின் தேர் நிலைக்கு வந்து சேரும்.